தங்கச்சியின் இரத்தத்தில் குறைந்த புரதம்

அன்றைக்கு டொக்டரின் அறையில் இருந்தவர்கள் டொக்டர், என் அம்மா, என் தங்கச்சி, நான், மாப்பிள்ளையின் தாயார், அந்தத் தாயாரின் தமையன். ஆறு பேர். மாப்பிள்ளை வரவில்லை. அவருக்கு மன்னாரில் அரசாங்க வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். மாப்பிள்ளைக்கும் தகப்பன் இல்லை, எங்களுக்கும் அப்பா இல்லை. அதனால் அந்தப் பக்கத்துக்கு அந்தத் தமையன், மாப்பிள்ளையின் தாய்மாமன், கதைத்தார், எங்கள் பக்கத்துக்கு நான் கதைக்க வேண்டியிருந்தது. கதிரைகள் போதவில்லை. நானும் தங்கச்சியும் சுவரோடு நின்றோம்.

மேசையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று என்னுடைய இரத்தச் சோதனை, மற்றது தங்கச்சியுடையது. இரண்டும் கொழும்பிலிருந்து வந்தவை. டொக்டர் அவற்றை எப்படி வாசிக்கப் போகிறார் என்பதில்தான் தங்கச்சியின் கலியாணம் நின்றது. எண்பத்தாறாம் ஆண்டு அது. அவளுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு கலியாணப் பேச்சுக்கால் குழம்பிப்போயிருந்தன. ஒன்று சீதனத்தில், மற்றது செவ்வாயில். மூன்றாவது இரத்தத்தில் குழம்பினால் நாலாவது வராது என்று அம்மா வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் என்னில்தான் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா இடுப்பு முறிந்து படுத்தார், தோட்டம் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கொடிகாமத்துக்குக் கிட்ட எங்களுக்குக் கொஞ்சம் கத்தரி, மிளகாய், பயிற்றை, ஒரு தென்னங்காணி. சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையில் போடுவேன். யோசிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றுவிட்டால், எண்ணெய் முடிந்ததா, உள்ளே ஏதும் உடைந்ததா, புது மெசினுக்குக் காசு எங்கே என்று நான் யோசித்து முடிக்கிறதற்குள் அம்மா வந்து மெசினைத் திருப்பி ஓடவிட்டிருப்பார்.

எண்பத்து நாலு, ஐந்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும்தான் நெஞ்சு அடித்தது. ஆமியின் ஹெலிகொப்டர், ஹெலி, வந்தால் ஊரே பதறும். ஹெலி போனதும் மற்றவர்களின் நெஞ்சு ஆறிவிடும். எனக்கு ஆறாது. சாவகச்சேரியில் ஒரு டொக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ஒரு ஓமோனைச் சுரக்கிறதாம், அது என் இரத்தத்தில் இல்லாத அளவுக்குக் குறைவு என்று முடிவு வந்தது. டொக்டர் அந்த ஓமோனையே குளிசையாகத் தந்தார். சில மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். நம்பர் ஏறவில்லை. அவர் குளிசையை ஏற்றினார். அதற்குப் பிறகும் நம்பர் போதுமான அளவுக்கு ஏறவில்லை. குளிசை இன்னும் ஏறியது.

என் கை நடுங்கத் தொடங்கியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. படுத்தால் தலையணைக்குள் நெஞ்சடிக்கிற சத்தம் கேட்டது. கழுத்திலுள்ள வருத்தம் முற்றுகிறது என்று நான் நினைத்தேன். சந்தையில் என்னிடம் கத்தரிக்காய் வாங்குகிற வியாபாரி ஒருவர் என்னைத் தராசுக்குக் கிட்ட விடமாட்டார்.

"தள்ளி நில் தம்பி. உன்ரை கை நடுங்கிற நடுக்கத்திலை கிலோவுக்கு ரெண்டு காய் கூட நிறுக்குது."

"அண்ணை, அது உங்களுக்கு லாபமெல்லே?"

"நிறையைக் கூட்டிக் காசு வாங்குறது நீயடாப்பா. எனக்கென்ன லாபம்!"

இந்த நடுக்கம்தான் கரவெட்டி வரை போனது. மாப்பிள்ளை வீடு அங்கே. சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது, சீதனத்துக்கு மேலே மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற டொனேசன் காசும் பேசியாகியிருந்தது. ஆடி அமாவாசைக்கு நான் அப்பாவுக்குக் கடமை செய்யக் கீரிமலைக்குப் போனபோது தங்கச்சியும் அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளையும் தன் தகப்பனுக்குச் செய்ய வந்திருந்தார். அதுதான் பெண் பார்க்கிறது. மாப்பிள்ளை கேணிப் படியில் வழுக்கி, ஈர வேட்டியோடு இருந்த இருப்பில் விழுந்து, எழும்பித் தானே சிரித்தார். பஸ்ஸில் வரும்போது தங்கச்சி அம்மாவிடம், "விழுந்தும் சிரிக்கிறார். பரவாயில்லை" என்றாள். அவளுடைய வாயில் அது பெரிய சம்மதம்.

பிறகு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் தமையனுக்குக் கழுத்தில் வருத்தம், கொழும்புக் குளிசையில்தான் ஆள் நடமாடுகிறது என்று. கலியாணத்துக்கு முன் பெண் வீட்டு வருத்தங்களை விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வலிப்பு, சயம், குட்டம், விசர் இவ்வளவும் கேட்பார்கள். இது அந்தப் பட்டியலில் இல்லாத வருத்தமாக இருந்ததால் அவர்களுக்கு இன்னும் பயம் வந்தது. பெண்ணின் இரத்தத்தையும் பார்ப்போம் என்று ஆள் அனுப்பினார்கள்.

"எனக்கு என்ன குறை?" என்று தங்கச்சி கேட்டாள். "காலமை இருந்து பின்னேரம் மட்டும் நிக்கிறன், நடக்கிறன், இறைக்கிறன். அவையின்ரை மகன் படியிலை விழுந்தவர். நாங்கள் அவரின்ரை காலைச் சோதிக்கச் சொன்னனாங்களே?"

"வாயை மூடு" என்றார் அம்மா. இரத்தம் எடுத்தோம். அவளுடைய நம்பர் என்னுடையதைப்போல அடியோடு இல்லாமல் இல்லை; ஆனால் இருக்க வேண்டியதில் அரைவாசி அளவுதான் வந்தது.

மாப்பிள்ளையின் தாயார் அந்தக் கடதாசியைக் கொண்டுபோய் என்ன செய்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. இரண்டு பேரின் குறிப்புகளும் சுற்றியிருந்த மஞ்சள் துணிக்குள்ளேயே அதையும் வைத்துச் சாத்திரியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். சாத்திரியார் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தாராம். "பொருத்தம் முந்தியே நல்லாப் பாத்துத் தந்திட்டன். இதுக்கு நான் சொல்லுறதெண்டால், ரத்தம் எடுத்த நேரம் போட்டிருக்கவேணும். நேரம் போடேல்லையே!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

சாவகச்சேரி டொக்டர் தங்கச்சிக்கும் குளிசை எழுதினார். அவள் அந்தத் துண்டை மடித்து விளக்கு மாடத்தில் வைத்தாள். "அண்ணை குடிச்சுப்போட்டுப் படுகிற பாடு காணும்" என்றாள். அவளுடைய இந்தப் பிடிவாதத்தினால்தான் யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டரிடம் போனோம். அவர் படிப்பிக்கிறவரும்கூட என்று சொன்னார்கள். அவர் கடதாசியைப் பார்க்கவில்லை. முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு தங்கச்சியை உட்காரவைத்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. சிரித்தார்.

"உம்மடை குளிசையை நிப்பாட்டும்" என்றார் என்னிடம்.

"நிப்பாட்டினால் எனக்கு ஒண்டும் நடக்காதோ டொக்டர்?"

"அதைத்தான் பாக்கப்போறம்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. குளிசையில்லாத அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் முகம் வீங்குகிறதா என்று பார்த்தேன். நாக்குத் தடிக்கிறதா என்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நாக்குத் தடிக்கவில்லை. கை நடுக்கம்தான் மெல்ல மெல்ல நின்றது. வேட்டி இடுப்பில் நின்றது. பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி இரத்தம் எடுத்து, வேறு விதமான சோதனைகள் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இரண்டு வீட்டுக்காரரையும் ஒன்றாக வரச் சொன்னார். ஒருத்தருக்குச் சொன்னதை மற்றவர் வேறு மாதிரிக் கொண்டுபோவார், அதனால் எல்லோரும் ஒரே தடவையில் கேட்கட்டும் என்றார்.

அப்படித்தான் அன்றைக்கு ஆறு பேர் அந்த அறையில் இருந்தோம்.

டொக்டர் தொடங்கினார். "இந்த ஓமோன் ரத்தத்துக்குள்ளை தனியப் போறேல்லை. அதைப் பிடிச்சுக் காவிக்கொண்டு போறதுக்கெண்டே ஒரு புரதம் இருக்கு. ஈரல்தான் அதைச் செய்யிறது." அந்தப் புரதத்துக்கு ஒரு நீளமான இங்கிலீசுப் பெயர் சொன்னார். இப்போதும் எனக்கு அது முழுதாக வாயில் வராது. ஒருத்தர் முகத்திலும் விளக்கம் தெரியவில்லை. மாமனின் கையில் வாகனத் திறப்புக் கோர்வை ஒன்று ஆடிக்கொண்டிருந்ததை டொக்டர் கண்டார்.

"ஐயாவிட்டை வாகனம் ஏதும் ஓடுதோ?"

"ஒரு மினிபஸ். கொடிகாமத்தாலை பருத்தித்துறை."

"நல்லதாப் போச்சு. அப்ப உங்களுக்குத்தான் முதல் விளங்கும். ஓமோன் எண்டது சனம். புரதம் எண்டது பஸ். கிட்டத்தட்ட எல்லாச் சனமும் பஸ்ஸுக்குள்ளை இருக்கு. கொஞ்சப் பேர்தான் இறங்கி நடந்து திரியினம். ஆனால் வேலை செய்யிறது அந்த இறங்கின ஆக்கள். பஸ்ஸுக்குள்ளை இருக்கிறவர் தோட்டம் கொத்தேலாது."

"ஓம். மெய்தான்."

"முதல் செய்த சோதனை, பஸ்ஸுக்குள்ளை இருக்கிற சனத்தையும் சேர்த்துத் தலை எண்ணினது. இவையின்ரை குடும்பத்திலை பஸ் குறைவு. அதாலை எண்ணிக்கை குறைஞ்சு வந்தது. இறங்கி வேலை செய்யிற சனம் அளவாத்தான் இருக்கு. இப்ப அதைப் பாத்தாச்சு."

மாமன் யோசித்தார். தொழில்காரர் அல்லவா, அவரால் அதை விட முடியவில்லை. "பஸ் இல்லாட்டிச் சனம் என்னெண்டு டொக்டர் வேலைக்குப் போகும்?"

"கடையடைப்பு நாளிலை உங்கடை பஸ் ஓடுமோ?"

"ஓடாது."

"அண்டைக்குக் கொடிகாமச் சந்தை கூடுறேல்லையோ?"

"கடையடைப்பெண்டால் சந்தையும் பூட்டுத்தானே டொக்டர்."

தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். டொக்டரும் தலையைச் சொறிந்தார். "சரி. டீசல் இல்லாத நாள் எண்டு வையுங்கோ."

"டீசல் இல்லாத நாள் சந்தை கூடும். சனம் சைக்கிளிலை வரும்."

"அதுதான். இவையின்ரை உடம்பிலை சனம் சைக்கிளிலை வருது."

அடுத்ததாக மாப்பிள்ளையின் தாயார் தனக்கு வேண்டியதைக் கேட்டார். "உது ஏன் இவைக்கு மட்டும்?"

ஒவ்வொரு புரதத்தையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல உடம்புக்குள் ஒரு பரம்பரையலகு இருக்கிறது, இங்கிலீசில் ஜீன் என்பார்கள், எங்கள் குடும்பத்தில் இந்தப் புரதத்துக்குரிய ஜீனில் சின்னப் பிழை ஒன்று இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்த ஜீன் இருக்கிற இடம் எக்ஸ் என்கிற நிறமூர்த்தம். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பிழைத்தாலும் மற்றது அரைவாசியைச் செய்து கொடுக்கும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. அது பிழைத்தால் புரதமே இல்லை. தங்கச்சிக்கு அரைவாசி, எனக்கு ஒன்றுமில்லை என்பதன் காரணம் அதுதான்.

"ஆரிட்டையிருந்து வந்தது?"

"மகனுக்கு எக்ஸ் தாயிட்டையிருந்துதான் வரும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தார். "என்னைப் பெத்த ஐயா சாகுமட்டும் தென்னை ஏறினவர்" என்றார்.

"அவருக்கும் இது இருந்திருக்கலாம் அம்மா. இருந்தும் ஏறியிருக்கிறார்."

அதைப் பாராட்டாக எடுப்பதா, குற்றமாக எடுப்பதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் அதைப் பற்றி என்னிடம் கேட்டார்.

"அப்ப என்ரை பேரப்பெடியனுக்கும் வருமோ?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"பெடியன் எண்டால் வரவும் கூடும், வராமல் விடவும் கூடும். சரிக்குச் சரி. வந்தாலும் ஒண்டும் செய்யாது. சோதிச்சால் நம்பர் குறையும், அவ்வளவுதான்."

"குறையும் எண்டுறியளே!"

"நம்பர்தான் குறையும் அம்மா. பெடியனிலை ஒரு குறையும் இராது."

நான் குறுக்கே கேட்டேன். "டொக்டர், இது பிறகு எப்பவாவது வருத்தமா மாறுமோ?"

"உமக்கு இருக்கிற ஒரே வருத்தம் யோசனை. அதுக்கு என்னிட்டைக் குளிசை இல்லை."

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். மாமன் எழும்ப ஆயத்தமானார். தாயாரின் முகம் வந்தபோது இருந்ததைவிட இறுகியிருந்தது. இந்தச் சம்பந்தம் போய்விட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. தங்கச்சிக்கும் விளங்கியது. அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் இன்னொன்றைச் சொன்னார். பிறகு ஒருத்தரும் பிழையாக மருந்து கொடுத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் சொன்னதுதான். "பிள்ளை வயித்திலை வந்தால் இந்தப் புரதம் கூடும். எல்லாப் பொம்பிளையளுக்கும் கூடும். அப்ப இவவின்ரை நம்பரும் ஏறும், மற்றவையின்ரை மாதிரி வரும். அதைப் பாத்து ஆரும் குழம்பக்கூடாது."

மாப்பிள்ளையின் தாயார் நிமிர்ந்து இருந்தார். "என்ன சொன்னனீங்கள் டொக்டர்? பிள்ளை வந்தால் சரிவருமோ?"

"நம்பர் ஏறும். சரிவாறதுக்கு ஒண்டும் பிழைக்கேல்லை."

"கலியாணம் முடிச்சு ஒரு பிள்ளை வந்தால் மாறிப்போம்!"

"மாறுறதுக்கு வருத்தம் இல்லையே அம்மா."

"அதைத்தான் டொக்டர் நானும் சொல்லுறன். மாறிப்போம்!"

எங்கள் பக்கத்தில் குமர்ப்பிள்ளைக்குத் தலையிடி வந்தாலும் மயக்கம் வந்தாலும் வயிற்றுக்குத்து வந்தாலும் சொல்கிற ஆறுதல் ஒன்றுதான், கலியாணம் முடித்தால் சரிவரும். அதை ஒரு பெரிய டொக்டரின் வாயால் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். டொக்டர் இரண்டு முறை திருத்திப் பார்த்தார். பிறகு வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, பேனையை மூடினார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த தேத்தண்ணிக்கடையில் இருந்தோம். தாயாருக்கு மனம் தெளிந்துவிட்டது. மாமன்தான் கணக்குப் பார்க்கிற ஆள்.

"தம்பி, கோவிக்கக்கூடாது" என்று தொடங்கினார். "என்ரை தங்கச்சி சொல்லுறதும் சரி, டொக்டர் சொல்லுறதும் சரி. ஆனால் நாளைக்கு மாறேல்லையெண்டால் ஊர் என்னைத்தான் கேக்கும். நான் பஸ் வைச்சிருக்கிறவன். பழைய பஸ் ஒண்டு வாங்கேக்கை, ஓடிப் பாக்கும் மட்டும் கொஞ்சக் காசு நடுவிலை நிக்கும். அதுமாதிரி."

"ஆர் பழைய பஸ்?" என்றாள் தங்கச்சி.

மாமன் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. "ஐயோ பிள்ளை, அது கதைக்குச் சொன்னது!"

கதைக்குச் சொன்னதாக இருந்தாலும் அவர் கேட்டது உண்மை. பேசிய டொனேசனுக்கு மேலே பத்தாயிரம் ரூபா அவரிடம் நிற்க வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஒரு சோதனை. நம்பர் சரியாக வந்தால் காசு முழுதும் திரும்பி வரும். வராவிட்டால் அது மாப்பிள்ளை வீட்டுக்கு. அம்மா உடனே தலையாட்டினார். வராமல் விடுமோ என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். டொக்டர் ஏறும் என்றுதான் சொன்னார். ஆனால் எவ்வளவு ஏறும் என்று சொல்லவில்லை. திரும்பப் போய்க் கேட்கலாமா என்று எழும்பினேன். தங்கச்சி என் சேட்டுக் கையைப் பிடித்து இருத்தினாள்.

"கள்ளரைத்தான் பிணையிலை விடுறது" என்றாள் மாமனைப் பார்த்து. "நான் என்ன களவெடுத்தனான்?"

தாயார் கடைக்காரனிடம் வடை கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி தன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "சரி. ஒருக்காத்தான் குத்துவன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஊசியோடை எனக்குக் கிட்ட வரக்கூடாது. பிள்ளைக்குக் கிட்டவும் வரக்கூடாது" என்றாள். மாமன் ஓம் என்றார்.

தென்னங்காணியை ஈடு வைத்தேன். காசை மாமனின் கையில் கொடுத்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. சொந்தமாகப்போகிற இடத்தில் எழுத்துக் கேட்பது மரியாதை இல்லை.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். இந்தக் காசைப் பற்றி அவருக்கு அப்போது சொல்லவில்லை. எண்பத்தெட்டில் தங்கச்சிக்குப் பிள்ளை தங்கியது. பாதையெல்லாம் இந்திய ஆமி சென்றி போட்டு மறித்து நின்ற காலம். இரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். முடிவு வர நாளெடுத்தது. நான் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. நம்பர் இருக்க வேண்டிய அளவுக்குள் வந்திருந்தது, கீழ்க்கரையில்தான், ஆனாலும் உள்ளே. மாப்பிள்ளையின் தாயார் கோயிலில் கற்பூரம் கொளுத்தினார் என்று கேள்விப்பட்டோம்.

தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் காலையில் தாயாரும் மாமனும் பலகாரத்தோடு வந்தார்கள். மாமன் மடியிலிருந்து ஒரு கடதாசிப் பையை எடுத்தார். ஒரு ரூபாயும் குறையாமல் கொண்டுவந்திருந்தார். அவரை நான் அதுவரை கொஞ்சம் பிழையாக நினைத்திருந்தேன்.

"இந்தா பிள்ளை. சொன்ன சொல் சொல்லுத்தான். உன்ரை கையாலை வாங்கு."

தங்கச்சி வாங்கவில்லை. "இது என்னத்துக்கு மாமா திரும்பத் தாறியள்?"

"மாறினதுக்குத்தானே பிள்ளை."

"என்ன மாறினது?"

"உன்ரை வருத்தம்."

"எனக்கு வருத்தம் இருக்கேல்லை. அண்டைக்கும் இல்லை, இண்டைக்கும் இல்லை. பிள்ளை பிறந்தால் நம்பர் திரும்ப இறங்கும், அப்பவும் வருத்தம் இல்லை. வருத்தம் இருக்கேல்லை எண்டு சொல்லித் தாங்கோ. வாங்குறன்."

அம்மா குசினிக்குள்ளிருந்து, "பேசாமல் வாங்கு" என்றார். நானும் கண்ணால் காட்டினேன். ஈட்டு வட்டி எனக்குத்தான் தெரியும்.

மாமன் தன் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். "பிள்ளைக்கு வருத்தம்..." என்று தொடங்கினார்.

"இருந்தது, மாறிட்டுது எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார் தாயார். "டொக்டரே சொன்னவர். நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்."

மாமன் இரண்டில் ஒன்றையும் சொல்லவில்லை. தங்கச்சி கையை நீட்டவில்லை. பலகாரத்தைத் தின்று தேத்தண்ணி குடித்தார்கள். பை மறுபடி அவருடைய மடிக்குள் போனது.

அவர்கள் போன பிறகு நான் அவளோடு சண்டை பிடித்தேன். "என்ரை காணியடி அது" என்றேன்.

"காணி உன்ரை, அண்ணை. அவை பிணை கேட்டது என்ரை ரத்தத்துக்கு. மாறினதெண்டு வாங்கினால், இருந்ததெண்டு நானே ஒத்துக்கொண்டதாப் போம். நாளைக்கு இவனுக்குப் பெண் பாக்கேக்கை அதைத்தான் சொல்லுவினம்." வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். ஆண்பிள்ளை என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஆண்பிள்ளைதான் பிறந்தது. அவனுடைய இரத்தத்தை ஒருத்தரும் சோதிக்கவில்லை. அந்தப் புரதம் அவனுக்கு இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. அவன் பிந்தி நடந்தபோது நான் யோசித்தேன். பிறகு ஓடித்திரிந்தபோது ஏன் இவ்வளவு ஓடுகிறான் என்றும் யோசித்தேன். தங்கச்சி என்னை ஏசினாள்.

மாமன் காசை விட்டுவிடவில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கொண்டுவந்தார். பெடியனுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதுவித்தபோது கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அவள் அதே சொல்லைக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் தாயார் பக்கத்தில் இருந்தார். தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கம் போட்ட தடையில் டீசல் இல்லாமல் அவருடைய மினிபஸ், அவரும் தாயாரும் ஒன்றாக இருந்த வீட்டு வளவில் நின்றது. அந்தக் கஷ்டத்திலும் அந்தப் பையை உடைக்கவில்லை என்று மாப்பிள்ளையே எனக்குச் சொன்னார். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. "நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லை மச்சான்" என்று சிரித்தார். நான் வெங்காயம் போட்டு, இரண்டு போகம் விலை நின்றதில் காணியை ஒருமாதிரி மீட்டேன்.

தொண்ணூற்றைந்தில், யாழ்ப்பாணச் சனம் முழுதும் வெளிக்கிட்ட இடப்பெயர்வுக்குச் சில மாதம் முன், கொடிகாமச் சந்தையில் மாமனைக் கண்டேன். மெலிந்திருந்தார். சைக்கிளில் தேங்காய் வாங்க வந்திருந்தார். என்னைச் சாக்குகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோனார்.

"தம்பி, அந்தக் காசை நீ வாங்கன். அவளுக்குச் சொல்லவேண்டாம். எனக்கு வயசு போகுது."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியவந்தால் என்ன சொல்லுவாள் என்று யோசித்தேன்; சொல்லாமல் விட்டால் அது இன்னும் மோசம் என்றும் யோசித்தேன். "ஐயா, அவள் கேக்கிறதைச் சொல்லிவிட்டுத் தாங்கோவன். இஞ்சை என்னட்டை எண்டாலும் சொல்லுங்கோ" என்றேன்.

அவருடைய தங்கச்சி அப்போது கரவெட்டியில் இருந்தார். ஆனாலும் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர் அண்டைக்குச் சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது தம்பி. விளங்கினதெண்டு வாயாலை சொன்னால் அது என்ரை தங்கச்சியின்ரை காதுக்குப் போகும். பிறகு அவளோடை ஒரு வளவுக்குள்ளை என்னாலை இருக்கேலாது."

தேங்காயைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் எங்களுக்குத் தர வேண்டியது இன்னும் பத்தாயிரம் ரூபா.